அடிமாட்டு விலை எங்கே போயிற்று?

பழைய பொருளின் விலைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. கீழ் எல்லையைக் காயலான் கடைத் தராசு போடுகிறது. பொருள் இனி எதற்கும் உதவாது என்று முடிவானாலும் இரும்பு, பித்தளை, காகிதம் என்று எடைக்கு நாலு காசு தேறும். மேல் எல்லையைப் புதுப்பொருள் கடை போடுகிறது. புது மிக்ஸியே மூவாயிரத்துக்குக் கிடைக்கும்போது பழைய மிக்ஸிக்கு இரண்டாயிரத்து எண்ணூறு கொடுக்க யாரும் வரமாட்டார்கள். இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் பேரம் நடக்கிறது. விற்பவர் தராசுப் பக்கம் நின்று விலை சொல்ல, வாங்குபவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புதுப்பொருளுக்கு ஈடாகப் பயன்படுத்தினால், அதற்குத்தான் அடிமாட்டு விலை என்று பெயர்.

கால் நூற்றாண்டாக இந்த இடைவெளியை இரண்டு விஷயங்கள் மாற்றி வருகின்றன. இணைய விற்பனை, விலை தெரியாத விற்பனையாளரே இல்லை என்னும் நிலையை உண்டாக்கி இடைவெளியை நெருக்குகிறது. பொருளாதாரமோ எல்லைக்கோடுகளையே இடம் மாற்றிப் போடுகிறது. ‘அந்தக் காலத்துல மூர் மார்க்கெட்ல என்னென்ன கிடைக்கும் தெரியுமா’ என்ற பெருமூச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஏக்கம் என்பதை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிரிக்க முடியும்.

ஆளைப் பார்த்து விலை

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 1898-ல் அடிக்கல் நாட்டி 1900-ல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், அன்றைய மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூரின் பெயரைத் தாங்கியது. அந்தச் செங்கல் கட்டடத்தில் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கடிகாரம், மேசை நாற்காலியிலிருந்து கிளி, புறா வரை விற்றார்கள். 1985 மே 30 அன்று அது தீப்பிடித்து எரிந்தது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில்களின் முனையம் நிற்கிறது. கடைக்காரர்களில் பலர் அருகிலிருக்கும் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள்.

அங்கே நடந்த புத்தக வியாபாரத்தின் கணக்கு எளிமையானது. கடைக்காரர் எடைக்கு வாங்குவார். அடக்க விலை அவருக்குத் தெரியும். அதே புத்தகம் இன்னொரு ஊரில் என்ன விலைக்குப் போகும் என்பது தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஆகவே ஆளைப் பார்த்து விலை சொன்னார். பேராசிரியர் போல் தெரிகிற ஒருவர் ஒரு புத்தகத்தை எடுத்து இரண்டு நிமிடம் ஆசையாகப் புரட்டிவிட்டால் விலை இரட்டிப்பாகும். எனவே தேர்ந்த வாடிக்கையாளர் வேண்டிய புத்தகத்தை வேண்டாத நான்குக்கு நடுவில் செருகி, அதைக் கடைசியாக, போகிற போக்கில் விசாரிப்பார். இந்த நாடகத்தில் தோற்றது எப்போதும் கடைக்காரர்தான் என்று நினைத்தால் தவறு. மயிலாப்பூர் லஸ் முனை நடைபாதையில் புத்தகக் கடை நடத்திய ஆழ்வாரைப் போன்றவர்களுக்கு வாடிக்கையாளரின் தேவை அவர் வாயைத் திறக்கும் முன்பே தெரியும்.

எடைக்குப் போகும் காகிதத்தில் என்னவெல்லாம் இருந்தது என்பதற்குச் செட்டிநாட்டுக் கோட்டையூர் சாட்சி. அங்கே வாழ்ந்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று பெரும்பாலோர் தூக்கிப் போடும் காகிதங்களையும் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்க, 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஒரு தனிமனிதரால் இவ்வளவு திரட்ட முடிந்ததற்கு, மற்றவர்கள் அவற்றைக் குப்பையாக எண்ணியதும் ஒரு காரணம். இன்று அப்படி ஒரு நாடக நோட்டீஸ் பரணிலிருந்து இறங்கினால், முதல் வேலையாக அதைப் போனில் படம் பிடித்து விலை விசாரிப்பார்கள்.

புத்தகத்தை விட்டால், பழைய பொருள் சந்தைகள் பெரும்பாலும் தொழில்வாரியாகப் பிரிந்து கிடந்தன. வண்டி உதிரி பாகத்துக்குப் புதுப்பேட்டை, ரேடியோ முதல் கம்ப்யூட்டர் வரை ரிச்சி தெரு, கலந்துகட்டி எதுவும் கிடைக்கப் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாழ்ந்து கெட்ட வீடுகளின் தேக்குத் தூண், கதவு, பீங்கான், பித்தளை விளக்கு எல்லாம் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு இடத்திலும் விலையறிவு அந்தத் தெருவுக்குள்ளேயே அடங்கியிருந்தது. தெருவுக்குத் தெரிந்ததைத் தெரியாதவர் ஏமாந்தார். தெருவுக்குத் தெரியாததைத் தெரிந்தவர் சம்பாதித்தார்.

விலை தெரிந்த விற்பனையாளர்

1995 செப்டம்பரில் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் தொடங்கிய ஏலத் தளம்தான் பின்னாளில் ஈபே ஆனது. அதில் முதலில் விற்ற பொருள் உடைந்துபோன லேசர் பாயிண்டர் ஒன்று. விலை 14 டாலர் 83 சென்ட். உடைந்தது என்று தெரிந்தேதான் வாங்குகிறீர்களா என்று கேட்டதற்கு, உடைந்த லேசர் பாயிண்டர்களைச் சேகரிப்பதே தன் வழக்கம் என்று வாங்கியவர் பதில் சொன்னாராம். பழைய பொருள் வியாபாரத்தில் அதன் பிறகு நடந்த எல்லாமே இந்தச் சிறு சம்பவத்துக்குள் இருக்கிறது. எந்தக் குப்பைக்கும் உலகில் எங்கோ ஒரு ஆள் உண்டு. அந்த ஆளைக் கண்டுபிடிக்க முடிந்துவிட்டால் உள்ளூர் விலைக்கு வேலை இல்லை.

இந்தியாவில் இது படிப்படியாக வந்தது. 2004-ல் பாஸி டாட் காம் நிறுவனத்தை வாங்கி ஈபே இங்கே நுழைந்தது. 2006-ல் உருவான ஓஎல்எக்ஸும், பிறகு வந்த குவிக்கரும், ஏலம் எதுவும் இல்லாமல் பக்கத்துத் தெருக்காரர் பக்கத்துத் தெருக்காரருக்கு விற்கும் விளம்பரப் பலகைகளாக வளர்ந்தன. பரணில் கிடப்பதை விற்றுக் காசாக்கலாம் என்ற எண்ணத்தை நடுத்தர வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்ததில் ஓஎல்எக்ஸின் தொலைக்காட்சி விளம்பரங்களுக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் உண்மையான திருப்பம் 2016-ல் ஜியோவோடு டேட்டா மலிவானபோது நேர்ந்தது. அதுவரை வாங்க வருபவரிடம் மட்டும் இருந்த விலைப் பட்டியல், அப்போதிலிருந்து தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவரின் சட்டைப் பையிலும் இருக்கிறது.

விளைவு எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி இல்லை. ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. புத்தகத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1996-ல் கனடாவில் தொடங்கிய ஏப்புக்ஸ் போன்ற தளங்கள் உலகத்துப் பழைய புத்தகக் கடைகளின் அலமாரிகளை ஒரே திரையில் கொண்டுவந்தபோது, அரிது என்று நினைத்திருந்த பல ஆங்கில நாவல்கள் ஆயிரக்கணக்கில் கிடப்பது தெரிந்துபோனது. அமேசானில் ஒரு சென்ட்டுக்குப் புத்தகம் போட்டு, தபால் செலவுக்கு வாங்கும் பணத்தில் லாபம் பார்க்கும் வியாபாரிகள் பெருகினார்கள். மறுபக்கம், நிஜமாகவே அரிதான பிரதி யார் கண்ணிலும் படாமல் தூசியோடு கிடக்கும் வாய்ப்புக் குறைந்தது. படிக்க விரும்புகிறவருக்கு இணையம் லாபம். வேட்டையாட விரும்புகிறவருக்கு நஷ்டம். தமிழில் இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் ஏராளமான பழைய நூல்கள் இலவசமாக ஏறிவிட்டதால், உள்ளடக்கத்துக்காக மட்டும் பழைய பிரதியைத் தேடும் அவசியம் குறைந்தது. முதல் பதிப்பு, கையெழுத்திட்ட பிரதி, நல்ல அட்டை ஆகியவற்றுக்குத்தான் இன்று சேகரிப்பாளர் பணம் கொடுக்கிறார்.

வேட்டைக்காரர்களின் இடத்தைப் பிடித்தவர்கள் மறுவிற்பனையாளர்கள். அமெரிக்காவில் நன்கொடைப் பொருட்களை விற்கும் கடைகளிலும் நூலகங்களின் கழிவு விற்பனைகளிலும் பார்கோடு ஸ்கேனரோடு நுழைந்து, லாபம் தரும் புத்தகங்களை மட்டும் உருவிக்கொண்டு போகும் ஒரு கூட்டம் உருவானது. கடைகள் சும்மா இருக்குமா? 1902-ல் பாஸ்டனில் தொடங்கிய குட்வில் அமைப்பு, 1999-லேயே சொந்த ஏலத் தளம் ஆரம்பித்தது. நல்ல நகை, நல்ல கேமரா போன்றவை அலமாரிக்கு வரும் முன்பே அங்கே போய்விடும். கடைக்கு வருகிறவருக்கு மிச்சம்தான். சென்னையிலும் நடப்பது அதே வடிகட்டல். பழைய பித்தளைக் குத்துவிளக்கும் வெற்றிலைப் பெட்டியும் எடைக்கு வந்த வேகத்தில் எடுத்து வைக்கப்பட்டு, புளி போட்டுத் தேய்க்காமல், களிம்பு படிந்த பச்சை நிறத்தோடே இன்ஸ்டாகிராமில் ‘விண்டேஜ்’ ஆகின்றன. தேய்க்காததற்கும் சேர்த்துத்தான் விலை.

இந்த இடத்தில் சட்டம் ஒன்றும் குறுக்கே வருகிறது. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் போன்றவை தொல்பொருள் வரம்புக்குள் வரும். அவற்றை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பவே முடியாது. ‘நூற்றைம்பது வருஷத்துப் பொருள்’ என்று பெருமையாக விளம்பரம் போடுகிற பலர், அது பொய்யாக இருந்தால்தான் தங்களுக்கு நல்லது என்பதை உணர்வதில்லை.

கேட்கும் விலையும் விற்கும் விலையும்

போனில் விலை பார்த்துச் சொல்வதில் ஒரு பெரிய கோளாறு இருக்கிறது. திரையில் தெரிவது யாரோ கேட்கும் விலை. யாராவது கொடுத்த விலை அது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2011-ல் அமேசானில் ‘தி மேக்கிங் ஆஃப் எ ஃப்ளை’ என்ற உயிரியல் நூலின் விலை 2 கோடியே 36 லட்சம் டாலரைத் தாண்டியது. இரண்டு வியாபாரிகளின் கணினி நிரல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று விலையை நிர்ணயித்ததே காரணம். ஒரு நிரல் எதிராளியின் விலையைவிடச் சற்றுக் குறைவாகவும், மற்றது கால் பங்குக்கு மேல் அதிகமாகவும் வைக்க, நாளுக்கு நாள் இரண்டும் ஏறிக்கொண்டே போயின. ஒரு பிரதிகூட அந்த விலைக்கு விற்கவில்லை.

‘பாருங்க சார், ஆன்லைன்ல நாலாயிரம் போட்ருக்கான், நான் ரெண்டாயிரம்தான் கேக்குறேன்’ என்று பல்லாவரத்தில் ஒருவர் பழைய ரேடியோவுக்குப் போனை நீட்டினால், அந்த நாலாயிரத்தின் கதையும் பெரும்பாலும் இதுதான். ஈபேயில் முடிந்த விற்பனைகளை மட்டும் தனியே பார்க்க வசதி உண்டு. உள்ளூர் விளம்பரத் தளங்களில் அது இல்லை; பொருள் விற்றதா, எவ்வளவுக்கு விற்றது, விற்காமல் ஆறு மாதம் கிடந்ததா என்பது தெரியாது. விற்காத பொருட்களே அதிக நாள் திரையில் தங்குவதால், பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தவறான விலைகள். பேரம் பேச விரும்புகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த விளம்பரம் எத்தனை நாளாக இருக்கிறது?

இந்த மயக்கத்தின் உச்சம் பழைய நாணயம். வைஷ்ணவ தேவி படம் போட்ட காசு வைத்திருந்தால் லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகளை நம்பியவர்களிடம் கமிஷன், வரி என்று சொல்லி முன்பணம் பறித்தது ஒரு கூட்டம். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே தலையிட்டு, பழைய நோட்டு, நாணய விற்பனையில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, தன் பெயரில் யாரும் கட்டணம் வசூலிக்க அனுமதியும் இல்லை என்று எச்சரிக்க வேண்டியிருந்தது.

நடுவில் நுழைந்தவர்கள்

தனிநபர் தனிநபருக்கு விற்பார், இடைத்தரகர் ஒழிவார் என்பதே இணையத்தின் தொடக்கக் கால வாக்குறுதி. நடந்தது வேறு. இந்திய ஈபே தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஓஎல்எக்ஸின் இந்தியத் தொழிலை 2023-ல் கார்ட்ரேட் டெக் நிறுவனம் 537 கோடி ரூபாய்க்கு வாங்கியது. செழித்தவை, பொருளைத் தாங்களே வாங்கி, சோதித்து, தரம் பிரித்து, வாரண்டி போட்டு விற்கும் நிறுவனங்கள். காரில் மாருதியின் ட்ரூ வேல்யூ 2001-லேயே இதைத் தொடங்கிவிட்டது. பின்னர் கார்ஸ்24, ஸ்பின்னி வந்தன. போனில் கேஷிஃபை போன்றவை வீட்டுக்கே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கின்றன.

இதோடு எக்ஸ்சேஞ்ச் சலுகையும் சேர்ந்துகொள்கிறது. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளி விற்பனையிலும் பழைய ஃப்ரிட்ஜைக் கொடுத்துப் புதியதை வாங்கும் குடும்பம், முன்பு அதை வேலைக்கார அம்மாவுக்கோ வாட்ச்மேனுக்கோ ஆயிரம் ரூபாய்க்குக் கொடுத்திருக்கும். இப்போது அது கடை வண்டியில் ஏறி, மொத்த வியாபாரி வழியாகப் பழுது பார்க்கும் பட்டறைக்குப் போய், புது பெயின்டோடு ஐந்தாறு ஆயிரத்துக்குத் திரும்பி வருகிறது. விற்றவருக்கு அலைச்சல் மிச்சம். வாங்கியவருக்கு ஆறு மாத வாரண்டி. நடுவில் இருந்த மலிவை நிறுவனம் எடுத்துக்கொண்டது. இதில் அதிகம் இழந்தவர்கள் எந்தத் தளத்திலும் கணக்கு இல்லாத ஏழைகள். பழைய பொருளின் மலிவு அவர்களுக்குப் பொழுதுபோக்காக இருந்ததில்லை, வீட்டில் ஃப்ரிட்ஜ் வரும் ஒரே வழியாக இருந்தது. மறுவிற்பனையைச் சுற்றுச்சூழல் சேவையாக மட்டும் கொண்டாடும் கட்டுரைகள் இதைச் சொல்வதில்லை.

துணி மட்டும் தமிழ்நாட்டில் இந்த ஓட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அடுத்தவர் உடுத்தியதை விலைக்கு வாங்கி உடுத்துவதில் கூச்சம் இன்னும் போகவில்லை. கொரோனாக் காலத்தில் இன்ஸ்டாகிராமில் முளைத்த பழைய உடைக் கடைகளுக்குப் பெருநகர இளைஞர்களைத் தாண்டி வாடிக்கை குறைவு. ஆனால் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் தெரு வியாபாரம் பல தலைமுறையாக இருக்கிறது. பழைய பட்டுப்புடவைக்குத் தெருத் தெருவாக வந்து பணம் கொடுப்பவர்கள் புடவையைப் பார்ப்பதில்லை. ஜரிகையில் உள்ள வெள்ளியைப் பார்க்கிறார்கள். வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகு, பாட்டியின் கல்யாணப் புடவைக்கு அவர்கள் சொல்லும் விலையைப் புதுப்புடவைக் கடை தீர்மானிக்கவில்லை, உலோகச் சந்தை தீர்மானிக்கிறது.

எல்லைகள் நகரும்போது

நாட்டில் பணக்கஷ்டம் வந்தால் பழைய பொருள் மலிவாகும் என்பது பரவலான நம்பிக்கை. பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. கையில் காசு குறைந்தால் இருப்பதை வைத்தே ஓட்டுகிறார்கள். சந்தைக்கு வரும் சரக்குக் குறைகிறது. புதியது வாங்க இருந்தவர்கள் பழையது தேடி வருகிறார்கள், கூட்டம் கூடுகிறது. சரக்குக் குறைந்து கூட்டம் கூடினால் விலை ஏறத்தானே செய்யும்? ஊரே செழிப்பாக இருந்து, போன வருடத்து டிவியை இந்த வருடம் மாற்றும் காலம்தான் பழைய பொருள் வாங்குகிறவருக்குப் பொற்காலம்.

புதுப்பொருள் வரத்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக் காலத்தில் இரண்டு தெளிவான சான்றுகள் உண்டு. கொரோனாவை ஒட்டி சிப் தட்டுப்பாட்டால் கார் ஆலைகள் முடங்கியபோது, அமெரிக்காவில் பழைய கார், டிரக் விலைக் குறியீடு 2021 ஜூனில் முந்தைய ஆண்டைவிட 45 சதவிகிதம் கூடியிருந்தது. இலங்கையில் இது இன்னும் கடுமை. அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டில் மேல் எல்லை என்ற ஒன்றே இல்லாமல் போனது. ஓடித் தேய்ந்த சிறிய காரை, வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றார்கள். வங்கியில் போடும் பணத்தைப் பணவீக்கம் அரித்துக்கொண்டிருந்த நாட்டில், கொல்லையில் நிற்கும் பழைய வேன் சேமிப்பாக மாறியது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே விளம்பரத் தளத்தைப் பார்த்து விலை பேசியதால், விலை தெரியாத கிராமத்துக்காரரிடம் மலிவாக வாங்கலாம் என்ற வாய்ப்பும் இல்லை.

மேல் எல்லை கீழே இறங்கினால் கதை தலைகீழ். 2025 செப்டம்பர் 22 முதல் இந்தியாவில் சிறிய கார்கள், ஏசி, பெரிய டிவி ஆகியவற்றுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமானது. புதிய காரின் விலை இறங்கியதும் பழைய கார்களை வாங்கிக் கையிருப்பில் வைத்திருந்தவர்களுக்குத்தான் முதல் அடி. அந்தத் தேதி வரும் முன்பே சில நிறுவனங்கள் விலைக் குறைப்பை விளம்பரம் செய்தன. வட்டியில்லாத் தவணையும் இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. மாதம் ஆயிரத்து ஐந்நூறு கட்டினால் புதுப் போன் கிடைக்கும் என்றால், பழைய போனுக்கு மொத்தமாக எட்டாயிரம் எடுத்து வைக்கத் தோன்றாது.

தமிழ்நாட்டில் மேல் எல்லையை அரசே இறக்கியதும் உண்டு. 2006-க்குப் பிறகு இலவச வண்ணத் தொலைக்காட்சி, 2011-க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, மாணவர்களுக்கு மடிக்கணினி என்று வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தபோது, அவற்றின் பழைய பொருள் சந்தை பெரும்பாலும் அர்த்தமிழந்தது. பிறகு எல்.இ.டி. டிவி மலிவானதும் அந்தக் குழாய் டிவிகளுக்குக் கீழ் எல்லையும் போயிற்று. கண்ணாடிக் கனம் அதிகம், உலோகம் குறைவு என்று காயலான் கடையே முகம் சுளிக்கும் பொருளாகிவிட்டது.

வெள்ளமும் சரக்கைக் கொண்டுவரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய சென்னைக் கார்களில் முழு இழப்பு என்று காப்பீட்டு நிறுவனங்கள் கைகழுவியவை கழிவு விலைக்கு ஏலம் போயின. அப்படிப்பட்ட கார்கள் துடைத்து மெழுகி வெளியூர்ச் சந்தையில் வந்து நிற்கும். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியும். தரை விரிப்புக்கு அடியில் துரு இருக்கும். மலிவுக்குக் காரணம் கிடைக்காத காரை வாங்காமல் இருப்பதே உத்தமம்.

நம்பிக்கைக்கு ஒரு விலை

பழைய காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இதனால் வாங்குபவர் எல்லாக் காரையும் மோசமானதாகவே எண்ணி விலை குறைத்துக் கேட்க, நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகிவிடுவார் என்று 1970-ல் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் விளக்கினார். 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதற்கு அந்த ஆய்வு முக்கியக் காரணம். வாரண்டி போட்டு விற்கும் நிறுவனங்கள் வாங்கும் கூடுதல் தொகை, இந்தச் சந்தேகத்தைப் போக்குவதற்கான கூலி. அந்தக் கூலியைக் கொடுக்க மனமில்லாதவர், சோதிக்கும் வேலையைத் தானே செய்ய வேண்டும்.

சந்தையில் நேரில் வாங்கும்போது பொருள்தான் மோசடி. இணையத்தில் ஆளே மோசடி. ராணுவ வீரர், இடமாற்றல் வந்துவிட்டது, அவசரமாக விற்கிறேன் என்று அடையாள அட்டைப் படத்தோடு வரும் புல்லட் விளம்பரம் நாடெங்கும் போலீஸ் எச்சரித்த பழைய தந்திரம். விற்பவரையும் விடுவதில்லை. சோபாவுக்குப் பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்பார்கள். யுபிஐ-யில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்தால் பணம் கைமாறும் முன் முடக்க வாய்ப்புண்டு.

பழைய போனில் *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை, ஆங்கில எழுத்துகளில் ‘கேஒய்எம்’ என்று அடித்து ஓர் இடைவெளி விட்டுச் சேர்த்து, 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அது முடக்கப்பட்ட போனா என்று தெரியும். வண்டியில் பெயர் மாற்றம் விற்பவருக்குத்தான் அதிக அவசரம். பதிவுச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது.

மிச்சம் இருக்கும் இடம்

விலை எல்லோருக்கும் தெரிந்துவிட்ட பிறகும் மலிவு முற்றிலும் ஒழியவில்லை. விலையறிவு எட்டாத மூலைகளுக்கு ஒதுங்கியிருக்கிறது. தூக்கி அனுப்ப முடியாத கனமான பொருள் அதில் முதலாவது. தேக்குக் கட்டிலை ஜோத்பூர் வியாபாரி கூடுதல் விலைக்குக் கேட்டாலும் லாரி வாடகை அதைத் தின்றுவிடும். ஆகவே அதன் விலை இன்னும் உள்ளூர் விலைதான். தவறாகப் பெயரிட்ட விளம்பரம் இன்னொன்று. தளங்களில் பொருளின் பிராண்டைத் தப்பாக எழுதியவர்களும், ‘பழைய பெட்டி’ என்று மட்டும் போட்டவர்களும் மற்றவர் தேடலில் சிக்குவதில்லை.

பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு எல்லாக் காலமும் நல்ல காலம். இப்போது குறிப்பாகப் பழைய மடிக்கணினி. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத, ஆனால் எந்தக் குறையும் இல்லாத கணினிகளை நிறுவனங்கள் கழித்துக்கட்டுகின்றன. லினக்ஸ் போடத் தெரிந்த கல்லூரி மாணவருக்கு ரிச்சி தெருவில் இதைவிட லாபமான சரக்கு வேறில்லை.

மற்றபடி, அவசரத்தின் விலை என்றும் குறைவுதான். வெளிநாட்டு வேலை, இடமாற்றல், வாடகை ஒப்பந்தம் முடிவது ஆகியவற்றுக்கு இணையத்தில் விலைப் பட்டியல் கிடையாது. 2020-ல் ஐ.டி. ஊழியர்கள் ஓஎம்ஆர் அறைகளைக் காலி செய்து ஊருக்குப் போனபோது மெத்தையும் மேசையும் வந்த விலைக்குப் போயின. சிறிய அளவில் அது ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நடக்கிறது; பள்ளிகள் மூடும் ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். இன்று சென்னையில் அடிமாட்டு விலைக்கு நிஜமாகவே கிடைப்பவை, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீட்டில், முப்பதாம் தேதிக்குள் காலி செய்தாக வேண்டிய கட்டிலும் பீரோவும்தான். டெம்போ வாடகையும் இரண்டு ஆள் கூலியும் வாங்குகிறவர் பொறுப்பு.